சாயம் என்று நினைத்த கறை

துணியில் அந்தக் கறையைப் பார்த்தபோது எனக்கு ஏன் முதலில் சாயம் என்று தோன்றியது? ஏழு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையின் மூத்திரம் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் எந்தத் தாயும் பதறியிருப்பாள். நான் பதறவில்லை. புடவையைத்தான் சந்தேகப்பட்டேன்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். ஏனாத்தூர் கல்லூரிக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய்வந்து படித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்துவைத்தது போல ஆகிவிடும்.

என் கணவர் பாலாஜி பட்டு நெய்பவர். வீட்டின் முன்னறையில் தறி இருக்கிறது. அவருடைய அக்கா சகுந்தலா இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிவது அவர் வேலை. கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்த பதினோராம் நாள் தீட்டுக் கழித்துப் பேர் வைக்கும்போது, முதல் தூளியை அத்தைதான் கொண்டுவந்து கட்ட வேண்டும். என் மகன் அகிலனுக்கு அண்ணி கொண்டுவந்தது தன்னுடைய முகூர்த்தப் பட்டு. அரக்கு நிறத்தில் அகலமான சரிகைக் கரை போட்டது. தன் பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும் என்று எடுத்துவைத்திருந்த புடவை அது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

பதினான்கு வருடமாகப் பீரோவில் பாச்சை உருண்டைகளோடு இருந்தது. அந்துருண்டை என்றும் சொல்வார்கள். வெள்ளையாக, மூக்கில் ஏறுகிற வாசனையோடு இருக்குமே, அதுதான். சரிகையில் பட்டால் கறுத்துவிடும் என்று, உருண்டைகளைப் பழைய வேட்டித் துண்டில் முடிந்து மூலைக்கு மூலை வைத்திருந்தார் அண்ணி. வருடா வருடம் புது உருண்டை மாற்றுவார். சரிகையைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரியும்.

"பாரு சுதா, நேத்துத் தறியில நெஞ்ச மாதிரி இருக்குது," என்று புடவையை என் கையில் கொடுத்தார்.

"வாசனை தூக்குதே அண்ணி. கொஞ்ச நேரம் வெயில்ல போடட்டுமா?"

"நல்ல நேரம் போய்க்கினு இருக்குது, நீ வெயிலைப் பாத்துக்கினு இருக்கிறியா? கட்டினா காத்துல போயிடும். ஏன், என் பொடவ உன் புள்ளைக்கு நாறுதா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நேரம் முடிய அரைமணி இருந்தது. அந்த அரைமணி போதுமா, ஒரு நாள் முழுக்க வெயிலில் கிடந்திருந்தாலும் போதாதா என்று பிறகு டாக்டரிடம் கேட்டேன். "இனிமே அதை யோசிக்காதீங்கம்மா," என்றார். அது பதில் இல்லை.

குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூளியில் போட்டோம். தூளி என்றால் துணி இரண்டு பக்கமும் மேலே வந்து சேர்ந்துகொள்ளும். உள்ளே காற்று அதிகம் புகாது. அவன் நன்றாகத் தூங்கினான்.

இரண்டாம் நாள் மாலை தூளியின் அடியில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது.

"ஏங்க, சாயம் விட்டிருக்குதுங்க," என்றேன்.

அவர் தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "நம்ம ஊட்டுப் பொடவ சாயம் விடாது."

"அப்ப இது என்னவாம்?"

"அரக்கு விட்டா செவப்பாத்தான் விடும். இது பழுப்பா இருக்குது." கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பழைய சாயம், எப்படி விடுமோ. அக்காகிட்ட கேக்கலாம்."

அண்ணி வந்ததும் சண்டைக்கே போய்விட்டார். "எங்கப்பா பக்கத்துல நின்னு சாயம் ஏத்தின பட்டுடா அது! விடுதாம்ல! உன் பொண்டாட்டி வெந்நீர ஊத்தித் தொடச்சிருப்பா."

"நான் ஊத்தல அண்ணி."

"பின்ன பட்டு தானா அழுவுதா?"

அன்று ராத்திரிவரை பேச்சு அதைப் பற்றித்தான். எந்தச் சாயக்காரர், எந்த வருடம், அப்போது தண்ணீர் எப்படி இருந்தது என்று. கடைசியில் குழந்தையின் தோலில் சாயம் படாமல் இருக்கட்டும் என்று தூளிக்குள் ஒரு வெள்ளை வேட்டித் துண்டை மடித்து விரித்தேன். மறுநாள் காலை அந்தத் துண்டிலும் கறை இருந்தது. "பாரு, வேட்டியைத் தாண்டி ஊறுது," என்றார் என் கணவர். நானும் ஆமாம் என்றேன்.

கறை கீழிருந்து மேலே வந்ததா, மேலிருந்து கீழே போனதா என்று நான் பார்க்கவில்லை. துண்டை ஒருமுறை திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

மத்தியானம் பால் கொடுக்க எடுத்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அரக்கு வண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியாமல் போன மஞ்சள், வாசல் வெளிச்சத்தில் தெரிந்தது. முகம், வயிறு, உள்ளங்கால்வரை மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். தூக்கியபோது உடம்பை வில்லாக வளைத்து, கீச்சென்று ஒரு குரலில் அழுதான். அதற்குமுன் அவன் அப்படி அழுததில்லை.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்சில் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். வெளியே எந்த ஊர் வந்தது, எந்த ஊர் போனது என்று தெரியாது.

சென்னையில் அவனை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். எங்களை ஒரு நீளமான கூடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒருமணி நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவராக இருப்பார். ரத்தச் சிவப்பணுக்கள் வேகமாக உடைகின்றன, உடைந்த சிவப்புதான் மூத்திரத்தில் வருகிறது, மீதி மஞ்சளாக மாறி உடம்பெங்கும் சேர்ந்திருக்கிறது, அது மூளைக்குள் இறங்காமல் இருக்க ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கலாம் என்றார்.

அந்த நொதியைப் பற்றி நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நல்ல மார்க்கும் வாங்கினேன்.

டாக்டர் போனதும் இவர் கேட்டார். "இன்னா சொல்லிட்டுப் போறாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உடம்புக்குள்ள ஆயிரக்கணக்குல தறி இருக்குதுன்னு வெச்சிக்கோங்க. ஒவ்வொரு தறியும் அதுக்குன்னு உள்ள நூலைத்தான் ஏத்துக்கும். நூல் உள்ள போவுது, துணியா வெளிய வருது. துணிய அறுத்து எடுத்தப்புறமும் தறி அப்படியே நிக்குது. அடுத்த பாவு நூல ஏத்தலாம்."

"சரி."

"அந்தத் தறிதான் என்சைம், நொதி. நூலுக்குத் தளப்பொருள்னு பேரு. துணி விளைபொருள். தறி இல்லாம நூல் தானா துணியாவணும்னா எத்தினி காலம் ஆவும்? உடம்புலயும் அப்படித்தான்."

"நம்ம புள்ளைக்கு ஒரு தறி இல்லையா?"

"இருக்குது. ஆனா உறுதியா இல்ல, சீக்கிரம் பழுதாயிடுது. சாதாரண நாள்ல அது நெய்யறதே போதும். திடீர்னு தேவை கூடிச்சின்னா அதால முடியாது."

"இந்தப் பழுது எங்க இருந்து வந்துது?"

"எங்கிட்ட இருந்துதாங்க. இந்த நொதி எப்படி இருக்கணும்ங்கற குறிப்பு ஆம்பளப் புள்ளைக்கு அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வருது."

அவர் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "காப்பி வாங்கியாறேன். காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல நீ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நொதி செய்வது இவ்வளவுதான். குளுக்கோசின் ஒரு வடிவத்தை எடுத்து இன்னொன்றாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது கூடவே ஒரு காவல்பொருளும் உண்டாகிறது. சில ரசாயனங்கள் சிவப்பணுவைத் தாக்கும்போது அந்தக் காவல்பொருள்தான் தடுக்கிறது. காவல் தீர்ந்துவிட்டால் அணு உடைகிறது. உடைந்ததிலிருந்து வரும் மஞ்சளை வெளியேற்ற ஈரலில் வேறொரு நொதி இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு அது இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது. ஒரு பக்கம் உடைந்துகொண்டே இருக்க, மறுபக்கம் அள்ளிக் கொட்ட ஆள் போதவில்லை.

ரத்தக் குழாயில் மெல்லிய குழாய் வைத்து, கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதே அளவு புது ரத்தம் ஏற்றி, மறுபடி எடுத்து, மறுபடி ஏற்றி, இரண்டு முறை முழுக்க மாற்றினார்கள். பிறகு கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் போட்டார்கள். அந்த வெளிச்சம் தோலில் இருக்கும் மஞ்சளின் உருவத்தை மாற்றிவிடும். உருவம் மாறினால் ஈரலின் உதவி இல்லாமலே அது வெளியேறிவிடும். என் உடம்பு கொடுக்காததை ஒரு விளக்கு கொடுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணி தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ரசம் சோறு, எனக்கு மாற்றுப் புடவை, வெந்நீர் பிளாஸ்க் எல்லாம் அவர்தான். என் துணிகளைத் துவைத்து, காயவைக்க இடம் தேடிக் கூடத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு நர்சிடம் திட்டு வாங்குவார். ஊசி என்றாலே பயப்படுகிறவர், ரத்த வங்கியில் எடுத்த ரத்தத்துக்கு ஈடுகட்ட ஆள் வேண்டும் என்றதும் போய்ப் படுத்துவிட்டார்.

"என் ரத்தம் என் மருமவனுக்குத்தானே போவும்?" என்று நர்சிடம் கேட்டார்.

"இல்லம்மா. வங்கிக்குப் போவும். யாருக்குத் தேவையோ அவங்களுக்கு."

"போவட்டும். இவனுக்கு எவ பெத்த புள்ளையோ குடுத்தான்ல."

அன்றைக்குத்தான் டாக்டர் என்னையும் என் கணவரையும் தனியாகக் கூப்பிட்டார். கேள்விகள் கேட்டார். குழந்தைக்கு நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? நான் ஏதாவது மாத்திரை சாப்பிட்டேனா? இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"வீட்ல பாச்சை உருண்டை வெச்சிருக்கீங்களா? துணி வெக்கிற இடத்துல?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உருண்டையிலிருந்து எழும் ஆவி மூச்சு வழியாகப் போகும், தோல் வழியாகவும் போகும், எண்ணெய் தேய்த்த தோல் என்றால் இன்னும் சுலபம். உள்ளே போனதை ஈரலில் உள்ள நொதிகள் பிடித்து வேறு பொருளாக மாற்றும். அந்த வேறு பொருள்தான் சிவப்பணுவைத் தாக்குவது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த நொதிகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன. எதைக் கொடுத்தாலும் எடுத்து மாற்றித் தருவதுதான் அவற்றின் வேலை. கொடுத்தது நாங்கள்.

வெளியே வந்ததும் இவர் சொன்னது ஒன்றுதான். "அக்காவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அது உயிரோட இருக்காது."

கூடத்தில் அண்ணி கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எதனாலயாம்? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"பொறவியிலயே இருக்குதாம் அண்ணி. என் பக்கத்துல இருந்து வந்ததாம்."

பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

"உன் பக்கம் என் பக்கம்னு இன்னா இருக்குது," என்று என் முதுகைத் தடவினார். "புள்ள வந்தா போதும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அதை அவன் வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்திருக்க வேண்டும். மற்றபடி தினசரி மருந்து எதுவும் வேண்டாம், எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்வான் என்றார்கள். அணுக்கள் உடைந்த சமயத்தில் நொதியின் அளவு சரியாகத் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த மூன்று மாதமும், ஒருவேளை நொதி சரியாக இருக்குமோ, வேறு ஏதோ காரணமாக இருக்குமோ, தூளி காரணமாக இல்லாமல் போகுமோ என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அளவு குறைவாகத்தான் வந்தது.

அதே நாளில் காது சோதனையும் செய்தார்கள். தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு ஒட்டுகளை ஒட்டி, காதில் டிக் டிக் என்று ஒலி கொடுப்பார்கள். ஒலி மூளைத் தண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் திரையில் அலை எழும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலியைக் கூட்டினார்கள். இன்னும் கூட்டினார்கள். இரண்டு காதுக்கும் அலை எழவே இல்லை. மஞ்சள் மூளையில் முதலில் இறங்கும் இடங்களில் காது நரம்பின் பாதையும் ஒன்று என்றார்கள். இப்போது கருவி மாட்டிப் பார்க்கிறோம். பலனில்லை என்றால் அறுவை சிகிச்சைபற்றிப் பேச வேண்டும்.

அதுவரை, தறி ஓடுகிற முன்னறையிலேயே அசையாமல் தூங்குகிறான், சமத்துப் பிள்ளை என்று தெருவே மெச்சியது. சோதனை முடிந்து வந்த அன்று இவர் தறியில் உட்கார்ந்தார். காலால் மிதிக்கவில்லை. ஊடை நூலை இறுக்கும் பலகையை மட்டும் ஓங்கி ஒருமுறை அடித்தார். அகிலன் என் மடியில் கண் விழித்திருந்தான். கூரையில் ஆடிய வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இவர் மறுபடி அடித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

காது கேட்காதது அண்ணிக்குத் தெரியும். அதனால் பேசுவதை நிறுத்தவில்லை. "அவனுக்குக் கேக்காட்டி இன்னா, எனக்குக் கேக்குதுல்ல," என்பார். மாலையில் வந்து மடியில் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்துத் தெருக்கதை முழுவதும் சொல்வார். அவன் அவருடைய உதட்டைப் பிடித்து இழுப்பான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் தங்கை உமாவை என் கணவரின் தம்பிக்குத்தான் கொடுத்திருக்கிறது. வாலாஜாபாத்தில் இருக்கிறார்கள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். எங்கள் அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு என்னிடம்தான் வருகிறாள். எனக்கு இருக்கும் குறை அவளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிறந்ததுமே பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறோம். இப்போது வீட்டில் ஒரு உருண்டைகூடக் கிடையாது. உமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "அண்ணிகிட்டயும் சொல்லிடுக்கா," என்றாள். "நீ சொல்லலன்னா எம்புள்ளைக்குத் தூளி கட்ட வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? அவங்கள ஒதுக்கறேன்னுதானே நெனப்பாங்க?"

போன வாரம் அண்ணி ஒரு பச்சைப் பட்டோடு வந்தார். உமாவின் பிள்ளைக்குத் தூளி கட்ட, இரண்டாவது அத்தைச் சீர். என் மடியில் வைத்தார். கை தானாக அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டது. அதே வாசனை.

"இன்னா, மோந்து மோந்து பாக்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"அன்னிக்கும் வாசனைன்னுதான் சொன்ன." என்னையே பார்த்தார். "சுதா, என் அரக்குப் பொடவ எங்க? ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் அதை நான் கண்ணாலயே பாக்கல."

பரண்மேல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறார் இவர். "சாயம் விட்டுதுல்ல அண்ணி, எடுத்து வெச்சிருக்கோம்," என்றேன்.

"அது சாயம் விடற பொடவ இல்ல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து வரவில்லை. ஏழு மாதத்தில் அவர் வராமல் இருந்த நாட்கள் இவைதான்.

அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டதா? தானாக யோசித்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்லித் தெரிவது மேலா? சொல்ல நினைப்பது உமாவின் பிள்ளைக்காகத்தானா, இல்லை, என் பாரத்தில் பாதியை அவர் தலையில் ஏற்றிவிடலாம் என்ற ஆசையா? அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அவர்தான் கைராசிக்காரர் என்று தூளித்துணி கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் யாருக்கு இந்தக் குறை இருக்கிறதோ! சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று பகலெல்லாம் தோன்றுகிறது. இவர் முகத்தைப் பார்த்தால் அந்தத் தைரியம் போய்விடுகிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, அன்பாகச் செய்த ஒன்றால் வந்த கேட்டை, செய்தவரிடமே சொல்ல நேர்ந்திருக்கலாம். அல்லது உங்களிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொன்னீர்கள்? எப்படிக் கேட்டுக்கொண்டீர்கள்? பிறகு அந்த வீட்டுக்குப் போக வர இருந்ததா? தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை உமா வருகிறாள். அவளைப் பார்க்க அண்ணி கட்டாயம் வருவார். வந்ததும் அகிலனைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வார், அவன் அவருடைய உதட்டைப் பிடிப்பான். அப்போது நான் எந்த வார்த்தையில் தொடங்கட்டும்?